அத்தோல் டியூக் பட்டம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது எப்படி?

கேள்வி இது: ஸ்காட்லாந்தின் அத்தோல் டியூக் வசிப்பது தென்னாப்பிரிக்காவில். பிளேர் கோட்டை அவர் பெயரில் இல்லை. அவருக்கு முன்னால் டியூக்காக இருந்தவர் அவருடைய அப்பா, அதற்கும் முன்னால் இருந்தவரோ தூரத்துப் பங்காளி. பட்டமும் சொத்தும் சேர்ந்துதானே போகும், இங்கே மட்டும் ஏன் இப்படி? கூடவே, அந்தக் குடும்பத்து ஆட்களின் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி நீளும் டலிபார்டீன், ஸ்ட்ரேஞ்ச், கிளென்லயன் எல்லாம் என்ன?

சுருக்கமான பதில்: பட்டம் வேறு, நிலம் வேறு. அதைவிட முக்கியம், பட்டம் என்பதே ஒரே பொருள் இல்லை. ஒரு டியூக்கின் பெயரில் பத்துப் பன்னிரண்டு பட்டங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் வேறு வேறு வருஷத்தில், வேறு வேறு ராஜா அல்லது ராணி கொடுத்தது. யாருக்கு அடுத்துப் போகவேண்டும் என்ற விதி அந்தந்தப் பட்டத்தோடு பிறந்தது. ஒன்று ஆண் வாரிசுக்கு மட்டும் போகும், இன்னொன்று மகளுக்கும் போகும். விறகுக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நேரான வாரிசு இருக்கும்வரை கட்டு அவிழாது, வாரிசு இல்லாமல் ஒருவர் போனால் ஒவ்வொரு விறகும் ஒவ்வொரு வீட்டுக்கு. அத்தோல் குடும்பத்தில் இது 1957-ல் அப்படியே நடந்தது. ஆனால் கட்டு எப்படிச் சேர்ந்தது என்று தெரியாமல் அவிழ்ந்த கதை புரியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

வரிசை முதலில். மேலிருந்து கீழே டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியில் இங்கிலாந்தில் பாரன். ஸ்காட்லாந்தில் அந்தக் கடைசிப் படிக்குப் பெயர் 'லார்ட் ஆஃப் பார்லிமென்ட்'; அங்கே பாரன் என்றால் நிலத்தோடு ஒட்டிய வேறு சமாச்சாரம். இது போதும்.

அத்தோல் என்பது பெர்த்ஷயரின் வடக்கே இருக்கும் மலைநாடு. நடுவில் பிளேர் கோட்டை, அதன் மிகப் பழைய கோபுரம் 1269 வாக்கில் எழுந்தது. அத்தோல் ஏர்ல் பட்டம் பல கை மாறியது, நமக்கு வேண்டியது 1457-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தன் சகோதரன் ஜான் ஸ்டூவர்ட்டுக்கு (அம்மா ஒருத்திதான், அப்பா வேறு) கொடுத்தது. இந்த ஜான் பற்றி ஒரு கதை உண்டு: கலகம் செய்த தீவுகளின் பிரபுவைப் பிடிக்க, அவர் தண்ணீர் குடிக்கும் கிணற்றில் தேனும் விஸ்கியும் ஓட்ஸும் கலந்து ஊற்றிவிட்டாராம், குடித்து மயங்கியவரைத் தூக்கிவந்துவிட்டாராம். கதைதான், ஆனால் அந்தப் பானம் இன்றும் 'அத்தோல் பிரோஸ்' என்ற பேரில் இருக்கிறது. குடும்பத்தின் முழக்கமும் 'புறப்படு, பாக்கியம் கிட்டட்டும், விலங்குகளை நிரப்பு' என்கிற மாதிரி ஒன்று. கைதிகளைப் பிடித்து வா என்று அர்த்தம்.

இந்த ஸ்டூவர்ட் வழி 1595-ல் ஆண் வாரிசு இல்லாமல் நின்றது. ஐந்தாம் ஏர்லின் மகள் டொரத்தியாவைக் கட்டியவர் டலிபார்டீன் ஏர்ல் வில்லியம் மர்ரே. மர்ரேக்கள் தனி வகையறா. மோரே என்ற வடகிழக்குச் சீமையின் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர், டலிபார்டீன் அவர்களுடைய ஊர். வில்லியம் என்ன செய்தார் தெரியுமா? மனைவி வழியில் அத்தோல் பட்டம் வீட்டுக்கு வரட்டும் என்று தன் சொந்த டலிபார்டீன் பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். வேலை முடியுமுன் அவரே இறந்துபோனார். 1629-ல் அவர் மகன் ஜான் மர்ரே அத்தோல் ஏர்ல் ஆனார். கவனியுங்கள், பழைய பட்டம் மகள் வழியாக இறங்கவில்லை, அதே பேரில் புதிதாக ஒன்றை ராஜா கொடுத்தார். 'ஆயிரம் வருஷத்துப் பட்டம்' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை இந்த இடத்தில்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கவேண்டும். அப்புறம் தம்பி வழியும் 1670-ல் அற்றுப்போக, டலிபார்டீனும் அத்தோல் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. 1676-ல் மார்க்விஸ். 1703-ல் ஆன் ராணி டியூக் ஆக்கினார், அதோடு சேர்த்து டலிபார்டீன் மார்க்விஸ், ஸ்ட்ராத்டே மற்றும் ஸ்ட்ராத்ஆர்டில் ஏர்ல், பால்க்விடர், கிளென்ஆல்மண்ட், கிளென்லயன் ஆகியவற்றின் வைகவுண்ட், இன்னும் ஒரு லார்ட் பட்டம் என்று ஒரு மூட்டையே கொடுத்தார்.

இந்த மூட்டை எதற்கு? பெருமைக்கு மட்டுமில்லை. டியூக் உயிரோடு இருக்கும்போது மூத்த மகன், அப்பாவின் இரண்டாம் நிலைப் பட்டத்தை மரியாதைக்காகப் போட்டுக்கொள்ளலாம்: டலிபார்டீன் மார்க்விஸ். அந்த மகனுக்கு மகன் பிறந்தால் அதற்கடுத்த பட்டம்: ஸ்ட்ராத்டே ஏர்ல். இளைய மகன்களுக்கு முதல் பெயருக்கு முன்னால் 'லார்ட்', மகள்களுக்கு 'லேடி'. லார்ட் ஜார்ஜ் மர்ரே என்று யாரையாவது படித்தால் அவர் கையில் சட்டப்படி பட்டம் ஒன்றும் இல்லை, அப்பா டியூக், அவ்வளவுதான். இதனால்தான் இந்தக் குடும்பத்து டலிபார்டீன் மார்க்விஸ் ஒருவர் 1910 முதல் 1917 வரை மக்கள் அவையில் உறுப்பினராக உட்கார முடிந்தது. பேர் மார்க்விஸ், சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன்.

இப்போது ஸ்ட்ரேஞ்ச். இந்தக் கட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த விறகு இதுதான், ஏனென்றால் இது ஒரு குமாஸ்தாத் தவறில் பிறந்த பட்டம். 1628-ல் ஜேம்ஸ் ஸ்டான்லி என்ற இளைஞரைப் பிரபுக்கள் அவைக்கு 'லார்ட் ஸ்ட்ரேஞ்ச்' என்று அழைத்து ஓலை போனது. அவருடைய அப்பா டார்பி ஏர்லிடம் ஸ்ட்ரேஞ்ச் என்ற பழைய பட்டம் இருக்கிறது என்ற நினைப்பில் அனுப்பினார்கள். இல்லை. அது 1594-லேயே பெண் வாரிசுகளுக்கு நடுவில், யாருக்கும் சேராமல் தொங்கலில் நின்றுவிட்டது. ஆனால் சட்டம் என்ன சொல்லிற்று? அழைத்தாயிற்று, வந்து உட்கார்ந்தாயிற்று, ஆகவே இது புதுப் பட்டம்! அழைப்போலை வழியாகப் பிறக்கும் இங்கிலாந்துப் பட்டங்கள் மகன் இல்லாவிட்டால் மகளுக்குப் போகும். ஜேம்ஸ் ஸ்டான்லி உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று 1651-ல் போல்ட்டனில் தலை வெட்டப்பட்டார். அவர் மகள் அமீலியா முதல் அத்தோல் மார்க்விஸின் மனைவி. 1736-ல் ஸ்டான்லியின் நேர் வழி முடிந்தபோது, அமீலியாவின் பேரனான இரண்டாம் டியூக் ஜேம்ஸ் மர்ரேவுக்கு ஸ்ட்ரேஞ்ச் பட்டமும், அதோடு மேன் தீவும் வந்துசேர்ந்தன. ஆமாம், தீவு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கிடக்கும் மேன் தீவை ஸ்டான்லிகள் தலைமுறை தலைமுறையாகப் பிரபுவாக இருந்து ஆண்டார்கள், அது அப்படியே ஒரு ஸ்காட்லாந்து டியூக்கின் மடியில் விழுந்தது. பாட்டி வழிச் சொத்து என்றால் இப்படி இருக்கவேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இரண்டாம் டியூக் ஜேம்ஸ் மூத்த மகன் இல்லை, இரண்டாவதும் இல்லை. மூத்தவர் ஜான் 1709-ல் மால்ப்ளாக்கே போரில் செத்தார். அடுத்தவர் வில்லியம், அவர் டலிபார்டீன் மார்க்விஸ் ஆகி, 1715-ல் நாடு கடத்தப்பட்ட ஸ்டூவர்ட் ராஜவம்சத்துக்காகக் கிளம்பிய கலகத்தில் சேர்ந்தார். தம்பிகள் சார்லஸும் ஜார்ஜும் அவரோடு போனார்கள். ஜேம்ஸ் மட்டும் அரசாங்கத்தின் பக்கம் தங்கிவிட்டார். கலகம் தோற்றது. ராஜதுரோகத் தீர்ப்பு விழுந்தவரின் ரத்தமே கறைபட்டது என்பது அந்தக் காலச் சட்டம், அவர் பட்டம் பெறவும் முடியாது, அவர் வழியாக யாரும் பெறவும் முடியாது. அப்பா டியூக் உயிரோடு இருந்தார், வில்லியமுக்கு முன்னால் அவர் இறந்தால் டியூக் பட்டமே பறிபோகும். அதனால் வில்லியமைத் தாண்டி ஜேம்ஸுக்குப் பட்டமும் நிலமும் போகும்படி பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றினார்கள். அண்ணன் உயிரோடிருக்க 1724-ல் தம்பி டியூக் ஆனார். ஸ்டூவர்ட் பக்கத்து ஆட்களோ கடைசிவரை வில்லியமைத்தான் டியூக் என்றார்கள். ஒரே சமயத்தில் இரண்டு அத்தோல் டியூக், ஒருவர் வீட்டில், ஒருவர் பிரான்சில்.

1745-ல் அந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறியபோது கூட வந்த சிலரில் வில்லியமும் ஒருவர். ஆகஸ்ட் 19 அன்று கிளென்ஃபின்னனில் கலகக் கொடியை உயர்த்தியது அவருடைய கைதான், ஐம்பது வயது தாண்டிய நோயாளி அவர். அங்கிருந்து படை நேராகப் பிளேருக்கு வந்தது, ஜேம்ஸ் இடத்தைக் காலி செய்துவிட்டார், அண்ணன் முப்பது வருஷம் கழித்துத் தன் வீட்டுக்குள் நுழைந்து இளவரசருக்கு விருந்து வைத்தார். லார்ட் ஜார்ஜ் அதற்குள் பழைய குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்று, குழந்தை குட்டிகளோடு அமைதியாக இருந்தவர். அவரும் போய்ச் சேர்ந்தார். போவதற்கு முன் ஜேம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: உயிர், சொத்து, மனைவி மக்களின் நிம்மதி எல்லாம் பணயத்தில் இருக்கிறது, இருந்தாலும் மானம் என்று நான் நினைப்பது அதையெல்லாம்விட எடை கூடியது என்ற பொருளில். பட்டத்தைக் காப்பாற்ற ஒரு குடும்பம் வேண்டுமென்றே இரண்டு பக்கமும் ஆள் வைத்தது என்று பலர் எழுதுவார்கள். ஸ்டூவர்ட் ராஜா போய்ப் புது ராஜா வந்த 1689-ல் அதற்கு நியாயம் இருந்தது: தாத்தா மார்க்விஸ், சண்டை முற்றும் நேரத்தில் உடம்புக்கு நல்லது என்று இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார், மகன் புது ராஜா பக்கம், காரியஸ்தர் கோட்டையைப் பழைய ராஜாவுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டார். 1745-ல் அப்படி இல்லை. ஜார்ஜின் கடிதத்தைப் படித்தால் கணக்குப் போட்ட ஆள் மாதிரித் தெரியவில்லை.

1746 மார்ச்சில் பிளேரில் அரசாங்கப் படை சர் ஆண்ட்ரூ ஆக்னியூ தலைமையில் உட்கார்ந்திருந்தது. வெளியே முற்றுகை போட்டவர் லார்ட் ஜார்ஜ். தன் குடும்பத்து வீட்டின் மேலேயே பழுக்கக் காய்ச்சிய குண்டுகளைச் சுட்டார், கூரை பற்றிக்கொள்ளட்டும் என்று. சுவர் அசையவில்லை, பீரங்கி சிறிது. உள்ளே இருந்தவர்களுக்கு உணவு தீரும் நேரத்தில், இன்வெர்னஸுக்குத் திரும்பி வா என்று அவருக்கு அழைப்பு வந்தது. முற்றுகையை எடுத்துவிட்டுப் போனார். பிரிட்டனில் முற்றுகையிடப்பட்ட கடைசிக் கோட்டை என்ற பேர் பிளேருக்கு அப்படி வந்தது. ஏப்ரல் 16, கல்லோடன் போரில் இளவரசரின் படை தோற்றது, எல்லாம் முடிந்தது. வில்லியம் லண்டன் டவரில் கைதியாக ஜூலையில் இறந்தார். ஜார்ஜ் தப்பி, 1760-ல் ஹாலந்தின் மெடம்ப்ளிக்கில் கண்ணை மூடினார். ஜேம்ஸ் திரும்பி வந்து கோட்டையின் கொத்தளங்களை எல்லாம் இடித்துத் தள்ளி, வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு சாதுவான மாளிகையாக மாற்றினார். இன்று நீங்கள் படத்தில் பார்க்கும் கோபுரங்கள் 1870-களில் ஏழாம் டியூக் திரும்ப ஏற்றியவை.

சரி, ஜேம்ஸுக்கு மகன் நிலைக்கவில்லை. மகள் சார்லட் இருந்தார். இங்கேதான் விறகுக்கட்டு முதல் தடவை அவிழப் பார்த்தது. ஸ்ட்ரேஞ்சும் மேன் தீவும் மகளுக்குப் போகும். டியூக் பட்டம் ஆண் வழி, அடுத்த ஆண் யார்? லார்ட் ஜார்ஜின் மகன் ஜான்! துரோகியின் மகன். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, 1753-ல் சார்லட்டை அந்த ஜானுக்கே கட்டிவைப்பது. நம்மில் பலருக்கு இதைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும், சித்தப்பா மகன் என்றால் அண்ணன் முறை. அங்கே சொத்துக் கணக்குக்கு இதைவிடக் கச்சிதமான சம்பந்தம் கிடையாது, ஆண் வழியும் பெண் வழியும் ஒரே வீட்டில் முடிந்தன. 1764 ஜனவரியில் ஜேம்ஸ் இறந்தார். அப்பாவின் துரோகத் தீர்ப்பு மகனைத் தடுக்குமா என்ற சந்தேகம் இருந்ததால் ஜான் ராஜாவுக்கு மனுப் போட்டார், மனு பிரபுக்கள் அவைக்குப் போனது, பிப்ரவரியில் அவருக்கு உரிமை உண்டு என்று அவை தீர்மானித்தது. லார்ட் ஜார்ஜ் நான்கு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டதால் பட்டம் அவர் கைக்கு வந்து பறிபோகும் நிலையே எழவில்லை. அவர் 1764 வரை உயிரோடு இருந்திருந்தால் வழக்கு என்ன ஆகியிருக்குமோ!

மேன் தீவு அடுத்த வருஷமே போய்விட்டது. அங்கே சுங்கம் குறைவு, சரக்கை இறக்கி இரவோடு இரவாக இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கடத்துவது பெரிய தொழில், லண்டன் கஜானாவுக்குத் தாங்கவில்லை. 1765-ல் 70,000 பவுண்டும், கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள்வரை வருஷத்துக்கு 2,000 பவுண்டும் கொடுத்து ஆட்சியுரிமையை அரசு வாங்கியது. அடிமாட்டு விலை என்று மகன், நான்காம் டியூக், வாழ்நாளெல்லாம் புலம்பினார். புலம்பியதற்குப் பலனும் இருந்தது. தீவில் மிச்சமிருந்த உரிமைகளை 1828-ல் அரசுக்கு விற்றபோது அவர் பெற்றது 4,17,144 பவுண்டு.

நான்காம் டியூக் லார்ச் மரப் பைத்தியம். மலைச்சரிவெல்லாம் லட்சக்கணக்கில் நட்டார், கால் வைக்க முடியாத பாறைமுகட்டுக்கு விதையைப் பீரங்கியில் போட்டுச் சுட்டார் என்றுகூட ஒரு கதை. இன்னொன்று, இது நமக்குக் கொஞ்சம் பக்கம்: அமெரிக்கப் போரின்போது அவர் திரட்டிய அத்தோல் ஹைலாண்டர் படையை, 77-ஆம் ரெஜிமெண்ட், 1783-ல் போர்ட்ஸ்மத்தில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். மூன்று வருஷம் அல்லது போர் முடியும்வரை என்று சொல்லித்தான் சேர்த்தீர்கள், போர் முடிந்துவிட்டது, கப்பல் ஏறமாட்டோம் என்று சிப்பாய்கள் நின்றுவிட்டார்கள். கடைசியில் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், நியாயம் அவர்கள் பக்கம்தான்.

இவருக்கு 1786-ல் 'ஏர்ல் ஸ்ட்ரேஞ்ச்' என்று ஒரு பட்டம் வந்தது. டியூக்குக்கு எதற்கு ஏர்ல் பட்டம் என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்றான 1707 இணைப்புக்குப் பிறகு ஸ்காட்லாந்துப் பிரபுக்களுக்குப் பிரபுக்கள் அவையில் தானாக இடம் கிடையாது, தங்களுக்குள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். 1963 வரை இதுதான் நிலை. பிரிட்டன் பட்டம் ஒன்று இருந்தால் தேர்தல் வேண்டாம், நேராகப் போய் உட்காரலாம். ஆக டியூக் என்ற பெரிய பட்டம் மரியாதைக்கு, ஏர்ல் என்ற சின்னப் பட்டம் நாற்காலிக்கு.

ஐந்தாம் டியூக் இளம் வயதிலேயே மனநிலை பாதிக்கப்பட்டவர், பட்டம் வந்தும் லண்டனில் பராமரிப்பில் வாழ்ந்து 1846-ல் மணமாகாமல் இறந்தார். அதனால் 1844-ல் விக்டோரியா ராணி பிளேரில் மூன்று வாரம் தங்கியபோது விருந்தோம்பியவர் டியூக் இல்லை, அவருடைய தம்பி மகன் லார்ட் கிளென்லயன். அந்தக் கிளென்லயன் பட்டம் 1821-ல் தம்பிக்குத் தனியாகக் கொடுத்தது. வைகவுண்ட் பட்டத்தில் வரும் கிளென்லயனும் இதுவும் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ராணி சந்தோஷப்பட்டு, அவருடைய காவல் படைக்குக் கொடி கொடுத்தார். ஐரோப்பாவிலேயே மிச்சமிருக்கும் ஒரே தனியார் படை என்று சொல்வது அதைத்தான், இப்போதும் மே மாதக் கடைசியில் பிளேரில் அணிவகுக்கிறது. கலைக்கப்பட்ட 77-க்கும் இதற்கும் பேர் மட்டும்தான் ஒன்று. கிளென்லயன் பிரபுதான் பிறகு ஆறாம் டியூக்.

ஏழாம் டியூக்குக்கு 1865-ல் பாட்டி வழியில் பெர்சி என்ற பாரன் பட்டம் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதுவும் தவறில் பிறந்ததுதான்! 1722-ல் ஆல்ஜர்னன் சீமோர் என்பவர் அம்மாவின் பழைய பெர்சி பட்டத்துக்கு வாரிசு என்று நினைத்து ஓலை அனுப்பினார்கள், அவருக்கு அந்த உரிமை இல்லை, ஆகவே புதுப் பட்டம். ஒரே வீட்டில் இரண்டு குமாஸ்தாப் பிழைகள் கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

எட்டாம் டியூக்கைவிட அவர் மனைவி கேதரின் சுவாரஸ்யமானவர். பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று ஒரு காலத்தில் பேசியவர், 1923-ல் ஸ்காட்லாந்தின் முதல் பெண் எம்பி ஆனார். டச்சஸ் எப்படி மக்கள் அவையில் என்றால், பட்டம் கணவருடையது, மனைவிக்குப் பிரபுக்கள் அவையில் இடம் இல்லை, சட்டப்படி அவரும் குடிமகள்தான். கன்சர்வேடிவ் கட்சியிலிருந்துகொண்டே ஸ்பெயின் குடியரசுக்காகப் பேசினார், அதனால் 'சிவப்பு டச்சஸ்' என்ற பேர். ஹிட்லரோடு சமரசம் கூடாது என்று 1938-ல் பதவியை விட்டு இடைத்தேர்தலில் நின்று தோற்றார். குழந்தை இல்லை. 1942-ல் பட்டம் டியூக்கின் தம்பிக்கு, ஒன்பதாம் டியூக் ஜேம்ஸுக்கு. அவரும் மணமாகாமல் 1957-ல் இறந்தார். நான்காம் டியூக்கின் ஆண் வழி அத்தோடு தீர்ந்தது.

கட்டு அவிழ்ந்தது. டியூக் பட்டமும் 1703 மூட்டையும் ஆண் வழியில் எவ்வளவு தூரமானாலும் போகும், ஆகவே மூன்றாம் டியூக்கின் ஓர் இளைய மகன் வரை ஏறி, அங்கிருந்து இறங்கி வரவேண்டும். ஏர்ல் ஸ்ட்ரேஞ்சும் 1821-ன் கிளென்லயனும் அப்படிப் பின்னால் ஏற முடியாதவை, அழிந்தன. பெர்சி, பெண் வழி உறவில் நார்தம்பர்லண்ட் டியூக்குக்குத் திரும்பிப் போனது. 1628-ன் ஸ்ட்ரேஞ்ச் மறுபடி தொங்கலில் நின்று, 1965-ல் மெகிஞ்ச் ஜான் டிரம்மண்டுக்குக் கிடைத்தது. ஒரே மரணம், நான்கு திசை.

நாம் ஏறி இறங்கவேண்டிய அந்த இளைய மகன் லார்ட் ஜார்ஜ் மர்ரே. முற்றுகை ஜார்ஜ் இல்லை, அவருடைய பேரன், செயின்ட் டேவிட்ஸ் மறைமாவட்டத்தின் பிஷப். பிரான்சோடு நடந்த போர்க் காலத்தில் லண்டனிலிருந்து கடற்கரைக்குச் செய்தி அனுப்ப ஆறு பலகைக் கதவுகளைத் திறந்து மூடும் தந்தி முறை ஒன்றைக் கண்டுபிடித்தவர், 1796-ல் கடற்படைத் தலைமையகம் அதை ஏற்று நடத்தியது. பிஷப்பின் வழியில் வந்தவர்தான் பத்தாம் டியூக், இயன் மர்ரே. ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஊர் வைத்த பேர் 'குட்டி இயன்'. இவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டையையும் பெரும்பகுதி நிலத்தையும் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார், அந்த அறிவிப்பு வெளியான மறுநாள், 1996 பிப்ரவரி 27 அன்று இறந்தார்.

இதுதான் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில். நிலம் அவருடைய சொத்து, யாருக்கும் கொடுக்கலாம். பட்டம் அப்படி இல்லை, உயில் எழுதி மாற்ற முடியாது, விற்க முடியாது, 1703-ன் விதி எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். அது இழுத்த இடம் தென்னாப்பிரிக்கா, நில அளவையாளராக வேலை பார்த்த ஜான் மர்ரே, அவரும் பிஷப்பின் வழிதான். பதினோராம் டியூக்கான பிறகும் அவர் அங்கேயே வாழ்ந்தார், அணிவகுப்பைப் பார்வையிட பிளேருக்கு வந்துபோனார், 2012-ல் இறந்தார். இப்போது அவர் மகன் புரூஸ் பன்னிரண்டாவது. புது டியூக்கை ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போது சில பத்திரிகைகள் உருகின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பராமரிப்புச் செலவும் வாரிசு வரியும் சேர்ந்த ஒரு கோட்டையை அறக்கட்டளையிடம் விட்டால்தான் அது துண்டு துண்டாக ஏலம் போகாமல் நிற்கும். 1999 சட்டத்துக்குப் பிறகு பரம்பரைப் பட்டத்தோடு பிரபுக்கள் அவை நாற்காலியும் தானாக வருவதில்லை. ஆக இன்றைய டியூக்கிடம் இருப்பது பேரும், மர்ரே குலத் தலைமையும், அந்தப் படையும்.

கடைசியாக, பழைய புத்தகங்களில் டியூக்குகளின் எண்ணிக்கை சில சமயம் ஒன்று கூடி இருக்கும். அது அச்சுப் பிழை இல்லை. ஸ்டூவர்ட் அபிமானிகள் வில்லியமை இரண்டாம் டியூக்காகவும் ஜேம்ஸை மூன்றாவதாகவும் எண்ணுவார்கள், 1746-ல் டவரில் இறந்தவரைச் சேர்த்து. நான் மேலே கொடுத்தது சட்டப்படியான எண், அதில் வில்லியம் இல்லை.